சின்ன டாக்டருக்குத் தனி பில்

முதல் தேதியன்று பில்காரர் வீட்டில் இருந்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. மைத்துனன் கல்யாணம் ஒரு முதல் தேதியில் வந்தது. பந்தி முடியும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். மகள் பிறந்ததும் ஒரு முதல் தேதியில்தான். அப்பாவுக்கு மூத்த பிள்ளை பில், நான் இரண்டாவது என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவர் இந்த முதல் தேதி காலையில், நாற்காலி மேல் ஏறி நின்று ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி கீழே நாற்காலியைப் பிடித்திருந்தாள். அவர் கண் திரையில் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பதினொரு மணிக்கு ஆபீசில் இயந்திரம் தானாக பில் போடத் தொடங்கும். அவர் இல்லாமல்.

அவருடைய நிறுவனம் சிறியது. பெரிய நிறுவனங்கள் எங்கோ வைத்திருக்கும் கணினிகளின் சக்தியையும், கேட்டதற்குப் பதில் சொல்கிற, படம் பார்த்துச் சொல்கிற செயற்கை நுண்ணறிவுச் சேவைகளையும் மொத்தமாக வாங்கி, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில்லறையாக விற்பது அதன் தொழில். மாதம் முடிந்ததும் அந்தப் பெரிய நிறுவனங்களிடமிருந்து ஒரு நீளமான கோப்பு வரும். எந்தக் கணினி எவ்வளவு நேரம் ஓடியது, எந்தச் சேவை எத்தனை படம் படித்தது என்று ஆயிரக்கணக்கான வரிகள். எந்த வரி யாருடையது என்று பிரித்து, லாபத்தைச் சேர்த்து, ஆளுக்கொரு பில்லாக்கி அனுப்புவதுதான் பில்காரரின் வேலை. அதைத்தான் முதலாளி இப்போது இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தார்.

அதற்காகக் கணினி நிரல் எழுத வந்த பெண் கெட்டிக்காரி. பில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மண்டையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பள்ளிகளுக்கு எவ்வளவு தள்ளுபடி, யாருக்கு விற்பனை வரி கிடையாது, யாருக்கு மாத நடுவில் விலை மாறியது, எல்லாவற்றையும் அவரும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு இரண்டு மாதம் அவர் கையால் போட்ட பில்லையும் இயந்திரம் போட்ட பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் அச்சாக ஒத்துப்போயின.

அந்த ஒன்று ஒரு கால்நடை மருத்துவமனையின் பில். அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்துவது. ஊரில் அவர்களைப் பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்பார்கள். பெரிய டாக்டருக்குச் சில காலமாகப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, ஏதோ சொல்லிச் சமாளிப்பார். கண்ணைக் காட்டச் சொன்னால் அன்று முழுவதும் யாரிடமும் பேசமாட்டார். அதனால் சின்ன டாக்டர், அக்கா பார்த்து முடித்த படங்களை ஒரு செயற்கை நுண்ணறிவுச் சேவைக்கு அனுப்பி மறுபடி பார்க்க வைத்தார். எதையாவது அக்கா தவறவிட்டிருந்தால், தனக்கே தோன்றியது போல மெதுவாகச் சொல்வார். ஆனால் மருத்துவமனைக்கு வரும் பில்லை வரி வரியாகப் படிப்பது பெரிய டாக்டர். ‘எக்ஸ்ரே மறுபார்வை’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் போதும்.

சின்ன டாக்டர் பில்காரரைக் கூப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துத் தன் சொந்த முகவரிக்கு அனுப்ப முடியுமா, பணத்தை நான் என் கையிலிருந்து கட்டுகிறேன் என்று கேட்டார். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று பில்காரர் வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதாமாதம் அந்த வரியைக் கையால் பெயர்த்து, தனி பில்லாக்கி, தானே அனுப்பிவந்தார்.

நிரல் பெண் அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கேட்டபோது, அது கிடக்கட்டும், இயந்திரம் பில் அனுப்புகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்து, இயந்திரம் அனுப்புவதற்குள் அதை மட்டும் உருவிவிடலாம் என்பது அவர் திட்டம். நேற்று மாலை முதலாளி அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க ஆபீஸ் பக்கமே வரக் கூடாது. நீங்க பக்கத்துல உக்காந்தா அது ஓடாது, நீங்கதான் ஓடுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பில்காரரும் சிரித்து வைத்தார்.

இப்போது திரை கையில் இருக்க, பத்து மணியும் தாண்டிவிட்டது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்யலாம், செய்தால் என்ன காரணம் சொல்வது? குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"என்னங்க, அந்த மெஷினுக்கு இன்னிக்குப் பிரசவமா?" என்றாள் மனைவி.

திரைக் கொக்கிகளில் பாதி உடைந்திருக்கிறது, புதுக் கொக்கி வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொக்கி விற்கும் கடை தெருமுனையில் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார்.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஏறுகிறவர்கள் சில்லறைக்குத் துழாவினார்கள். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பில்லை முகத்தோடு முகமாக வைத்துப் படிக்கும் காட்சி அவர் கண்முன் வந்துகொண்டே இருந்தது. ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, மிச்சத்தை நடையும் ஓட்டமுமாகக் கடந்தார்.

ஆபீசில் முதலாளி இல்லை. நிரல் பெண் மட்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்திருந்தாள். மணி பதினொன்றைத் தாண்டி ஏழு நிமிடம்.

"போயிடுச்சா?"

"எல்லாம் போயிடுச்சு சார். ஒண்ணு மட்டும் நிக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். நிற்பது மருத்துவமனையின் பில்தான்.

"ரெண்டு தடவை அதைப் பத்திக் கேட்டேன். ரெண்டு தடவையும் நீங்க டீ குடிக்கப் போலாமான்னு கேட்டீங்க," என்றாள். "என்னவோ இருக்குன்னு உங்களுக்காக நிறுத்தி வெச்சேன். ஆனா காரணம் எழுதாம அது நகராது சார். எழுதினா முதலாளி பாப்பாரு."

காரணம் எழுதும் கட்டத்துக்குள் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது. பில்காரர் மாடிப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன டாக்டருக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரு நாய் விடாமல் குரைத்தது. இனிமேல் கையால் பிரித்து அனுப்ப வழியில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

சின்ன டாக்டர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. "என் பேர்ல தனியா ஒரு கணக்குத் தொறந்துடுங்க சார். நானும் உங்க வாடிக்கையாளராயிடறேன். நாளையிலேர்ந்து படத்தை அதுலயே அனுப்பிக்கறேன். முடியுமா?"

முடிந்தது. நிரல் பெண் பெயரையும் முகவரியையும் தட்டினாள், அந்த வரியைப் புதுக் கணக்குக்கு இழுத்துவிட்டாள். காரணக் கட்டத்தில் ‘வாடிக்கையாளர் கேட்டதால்’ என்று அவர் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஒரு டீ ஆறுவதற்குள் இரண்டு பில்லும் இரண்டு திசையில் போய்விட்டன.

தகவல் சொல்ல மறுபடி கூப்பிட்டபோது சின்ன டாக்டர் நன்றி சொன்னார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்:

"இவ்வளவுதானா சார்? இதை ஆரம்பத்துலயே செஞ்சிருக்கலாமே?"

"அப்போ இந்த வசதி இல்லைம்மா," என்றார் பில்காரர்.

வசதி இருந்தது. ஒருவர் பெயரில் கணக்குத் திறக்க அன்றைக்கும் தடை கிடையாது. அது அவருக்குத் தோன்றாமலும் இல்லை. தோன்றியபோதெல்லாம், இந்த ஒன்று என் கையால் போகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். இனி அந்த ரகசியத்தை இயந்திரமே காக்கும். அவரைவிட நன்றாகவே காக்கும்; படிக்கட்டில் நின்று மூச்சு வாங்காது.

முதலாளி வருவதற்குள் கிளம்பிடுங்க சார் என்று நிரல் பெண் அவரைத் துரத்தினாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவருக்கு உட்காரத் தோன்றவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். மனசு எதையோ மறந்துவிட்ட மாதிரி அரித்தது. வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக நினைவில் ஓட்டிப் பார்த்தார். எல்லார் பில்லும் போயிருந்தது.

வீட்டில் ஜன்னல் வெறுமனே நின்றது, வெயில் கூடம் முழுக்க அடித்தது. மனைவி அவரையும் அவர் வெறுங்கையையும் பார்த்தாள்.

"கொக்கி எங்க?"

"இதோ," என்று செருப்பைக்கூடக் கழற்றாமல், ஏறக்குறைய சந்தோஷமாகவே திரும்பி இறங்கினார். எத்தனை கொக்கி வேண்டும் என்று இந்த முறை எண்ணிக்கொண்டு போனார்.