நஜீமுதீன் மாற்ற மறுத்த பாத்திரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த நஜீமுதீனுக்கு இரண்டு நாவல்கள் அச்சாகியிருந்தன. ஆயுத பூஜையன்று கம்பெனியில் போடும் நாடகமும் வருஷாவருஷம் அவர் எழுதுவதுதான். நாற்பது வயதாகியும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் பெண் பார்த்துப் பார்த்து அம்மா அமீருன்னிசா ஓய்ந்துபோனார். பெருமாநல்லூர் சாலையில் ஓர் ஓட்டு வீட்டில், மெஷின் ஃபிட்டர் சாமியப்பனோடு பத்து வருஷமாகக் குடியிருந்தார் நஜீமுதீன். கூட்டாளிகள் என்றது ஊர். அளவு பத்தாத பனியனைப் போல அந்தச் சொல் அவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

1967இல் மூன்றாவது நாவலை முடித்தார். ஒரு தையல்காரரும் ஒரு ஃபிட்டரும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் கதை. கோவையில் ஒரு பதிப்பாளர் படித்துவிட்டுக் கடிதம் போட்டார்: 'எழுத்து அருமை. ஃபிட்டரை மட்டும் பெண்ணாக மாற்றிக் கொடுங்கள். உடனே அச்சுக்கு அனுப்பிவிடலாம்.'

நஜீமுதீன் மாற்றித்தான் பார்த்தார். பத்து அத்தியாயம் வரை ஃபிட்டருக்குச் சேலை கட்டிவிட்டார். பதினோராவதில் ஃபிட்டர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், "நீங்க யாரு இவருக்கு?" என்று நர்ஸ் கேட்கிறாள், 'கூட்டாளி' என்கிறார் தையல்காரர். பெண்டாட்டி என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மாற்றிய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த ஒரு அத்தியாயத்தை நாடகமாக்கினார்.

சாமியப்பன் படித்துப் பார்த்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தார். "நாளைக்கு எல்லாரு முன்னாலயும் மெஷின்கிட்ட போய் நிக்கோணுமுங்களே, பாய்."

"வேண்டாம்னா விட்டுடலாம்."

"வேண்டாம்னு எங்கீங்க சொன்னேன்? அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல நானே படுத்துக்கறனுங்க."

ஆயுத பூஜை மதியம், சந்தனம் வைத்த மெஷின்களுக்கு நடுவே நாடகம் நடந்தது. தையல்காரராக நஜீமுதீனே நின்றார்; மடிப்புப் பிரிவில் வேலை செய்யும் மருதாள்தான் நர்ஸ்.

"நீங்க யாருங்க இவருக்கு?"

'கூட்டாளி' என்பதுதான் எழுதி வைத்திருந்த வசனம். நஜீமுதீன் அதைச் சொல்லவில்லை. "நான் இவரு ஊட்டுக்காரனுங்க" என்றார்.

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. நினைவில்லாமல் கிடக்க வேண்டிய சாமியப்பன் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல அடங்கியது. சிலர் எழுந்து போனார்கள். முதலாளி குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

மறுவருஷம் கம்பெனியில் பக்திப் பாட்டு மட்டும் போதும் என்றுவிட்டார்கள். கூடவே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேறு கடைக்கு மாறினார்கள். மருதாள் மட்டும் கட்டிங் மேஜைக்கே வந்தாள்.

"நீங்க சொன்ன பதிலு சரிதானுங்க. எனக்கு அழுவாச்சி வந்து அடுத்த வசனம் மறந்துபோச்சு, அதாஞ் சங்கடம்."

1973இல் ஈரோட்டில் ஒரு சின்ன அச்சகம் நாவலை முந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தது. ஃபிட்டர் ஃபிட்டராகவே இருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சாமியப்பனுக்கு அதை முடிக்க ஒரு மாதம் ஆனது.

"எப்படி இருக்கு?" என்றார் நஜீமுதீன், பயத்தோடு.

"எல்லாஞ் சரிங்க. ஆனா இந்த ஃபிட்டரு ரசம் வெக்கத் தெரியாதவன்னு எழுதிப்போட்டீங்களே, அது மட்டும் பொய்யிங்க, பாய்."