கேட்டால்தான் சொல்லும் நோயாளி

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, கையிலுள்ள அட்டையை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார் அக்கா. இன்றைக்கு அவருக்கு முதுகுவலி. போன வாரம் பக்கவாதம். அதற்கு முந்தைய வாரம் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி, இடுப்பெலும்பு முறிந்தவர். அன்றைக்கு எதைக் கேட்டாலும் "அவர் வரட்டும், அவர்கிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே பிசியோதெரபி மாணவர்கள் பத்துப் பேர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

நோயாளியாக இருப்பதுதான் அக்காவின் வேலை. நாலு திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் இது. மாணவர்கள் நாளைக்குத் தொடப்போகும் உடம்புகள் எல்லாம் ஒரே மாதிரி வீட்டில் வளர்ந்தவை அல்ல. சட்டையைக் கழற்றச் சொன்னால் கூனிக்குறுகிப் போகிறவர் உண்டு. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு பயிற்சியும் செய்யாதவர் உண்டு. வலிக்கிறது என்று சொல்வதே கேவலம் என்று நினைப்பவரும் உண்டு. இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது என்று முடிவுசெய்த பேராசிரியை, அக்காவைக் கட்டிலில் ஏற்றினார்.

அதற்குமுன் பதினோரு வருடம் அதே அறையைப் பெருக்கித் துடைத்தவர் அக்கா. ஒருநாள் நோயாளியாக நடிக்க வரவேண்டிய நடிகை வரவில்லை. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். படுத்தவர் ஆறு வருடமாக எழுந்திருக்கவில்லை. "பெருக்கும்போது காலை எடுங்கன்னு சொன்னாக்கூட யாருக்கும் காதுல விழாது. இப்ப நான் வாயைத் திறந்தா பேனாவை எடுக்கறாங்க" என்று, அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம் சொன்னபோது பெருமையை அவர் மறைக்க முயலவில்லை. ஆனாலும் பழைய கை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு மாணவன் போனபிறகும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுத்தான் அடுத்த நோயாளி ஆகிறார்.

அட்டையில் நாலே வரி இருக்கும்: வயது, நோய், குடும்பம், ஒரு தயக்கம். மீதியை அக்கா பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்தும் மருந்துக்கடை வரிசையில் நின்றவரிடமிருந்தும் எடுத்துக்கொள்வார். வேஷம் கட்டியபின் ஒரே ஒரு சட்டம். "கேட்டாத்தானே சொல்லுவேன்." கேட்காதவரை வாயைத் திறக்கமாட்டார்; கல்லுளிமங்கன் தோற்றான்.

போன பருவத்தில் ஒரு மாணவன் விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்திருந்தான். நோயாளியின் சொந்த ஊர் இன்னது என்று தெரிந்ததும், பார்த்துக்கொண்டிருந்த மற்ற ஆண்களை வெளியே அனுப்பினான், கதவைச் சாத்தினான், திரையை இழுத்துவிட்டான், வெற்றிப் புன்னகையோடு திரும்பினான். அந்த ஊர்ப் பெண்கள் கூச்சப்படுவார்களாம். அக்கா நடுங்க ஆரம்பித்தார். மூடிய அறைக்குள் மூச்சு முட்டும் பெண் அன்றைய வேஷம். பையன் பதினைந்து நிமிடமும் தண்ணீர் கொடுத்தான், நாடி பார்த்தான். என்ன செய்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. முடிந்ததும் அக்கா நிதானமாகச் சொன்னார்: "எங்க ஊர்க்காரங்க எல்லாரைப் பத்தியும் தெரிஞ்சு வச்சிருக்கியேப்பா. என்னைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. ஒருநாள் அவர் கம்பளிச்சட்டை போடுவதைப் பார்த்தேன். இடது கையை வலது கை பிடித்து, குழந்தையைக் கூட்டிப்போவதுபோல் உள்ளே கூட்டிப்போனது. தோள் இறுகி இரண்டு மாதமாம். நிஜமாகவே நோய் உள்ளவர் நோயாளியாகப் படுக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. எங்கேயும் வலியில்லை என்று பருவத் தொடக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போட்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் கட்டிலைவிட்டு இறக்கிவிடுவார்கள். மறுபடியும் யார் காதிலும் விழாத ஆளாகிவிடுவார். "சுத்தி இத்தனை பேரு தோளுக்கு வைத்தியம் படிக்கறாங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியலை பாருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கேட்காமல் எழுதினால் என்னையும் ஃபெயிலாக்கிவிடுவார்.

இறுதித் தேர்வன்று அட்டையில் முழங்கால் வலி. கடைசியாக உள்ளே வந்த பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பட்டப்பெயர் 'அவசரம்'. கேள்வியைக் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிடுகிற ரகம். இரண்டு முறை இதே தேர்வில் தோற்றவள்; இது கடைசி வாய்ப்பு. மூலையில் பேராசிரியையும் மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்தவரும் உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால் நான்.

அவள் ஒழுங்காகத்தான் தொடங்கினாள். கதவு எப்படி இருக்கட்டும், யார் கூட இருக்கலாம், துணியை எதுவரை ஏற்றலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தாள். அக்கா நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறியபோதுதான் அவள் பேச்சு நின்றது. அக்கா வலது கையை மட்டும் ஊன்றி ஏறியிருந்தார்.

"அக்கா, இடது கையில வலி இருக்கா?"

"எனக்கு முட்டிதாம்மா" என்றார் அக்கா, வேஷம் கலையாமல்.

அவள் முழங்காலுக்குப் போயிருக்கலாம். மதிப்பெண் எல்லாம் அங்கேதான் இருந்தது, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அவளோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கார்டுல இருக்கறவங்களைக் கேக்கலை. உங்களைத்தான் கேக்கறேன். வீட்ல எந்த வேலை செய்ய முடியலை?"

ஆறு வருடத்தில் அந்தக் கட்டிலில் அக்காவைப் பற்றி யாரும் அக்காவிடம் கேட்டதில்லை. பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஒன்றுமில்லை என்று அக்கா சொன்னால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். சொல்லிவிட மாட்டாரா என்றுகூட நான் ஆசைப்பட்டேன். அந்தப் பெண் அவசரப்படவில்லை.

அக்கா இடது கையைத் தூக்கத் தொடங்கினார். மார்பு உயரத்தில் அது நின்றது. இறக்காமல், மூலையில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.