மாமாவுக்கு நான் வாசித்த கடிதம்

அந்தப் பழுப்பு உறையை மாமா இரண்டு கைகளாலும் நீட்டியது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நகக்கண்களில் மண் இருந்தது. கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்திலிருந்து பஸ்ஸும் ஃபெரிப் படகும் மாறி, ஜார்ஜ் டவுனில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கே வந்திருந்தார். அத்தை இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"சூராட் வந்திருக்கு பாப்பா, கவர்மெண்ட் கடுதாசி. நீ படிச்சுச் சொல்லுலா."

மாமா மலாய் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. முப்பது வருடம் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்த்தவர். வெயிலில் ஜல்லி அடித்துவிட்டு வந்து, ரயில் பாதையோரத் தரிசு நிலத்தைக் கொத்திக் காய்கறி போட்டார். ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர வேலையானது. கம்பத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் படுத்துக் கிடந்தாலும், காலையில் வாசலில் ஒரு கட்டுக் கீரையோ நாலு வெள்ளரியோ இருக்கும். தண்டவாளத்திலிருந்து கழித்துப்போட்ட ஸ்லீப்பர் கட்டைகளைக் கேட்டு வாங்கி வாய்க்கால்மேல் அவர் போட்ட பாலத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

புதுச் சாலை வருகிறது, அறுபது நாட்களுக்குள் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்றது கடிதம். அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தை போன பிறகு சவரம் செய்யாத முகம். என் வாய் தானாகச் சொன்னது: "வருஷக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு மாமா. நான் மனு எழுதுறேன்."

"அப்ப ஒரு போகம் எடுத்திடலாம்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போவேன். அவர் பயிற்றங்காய்க் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருப்பார். கையில் தேநீரைக் கொடுத்துவிட்டுக் கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவார். சொல்லாமலே திரும்புவேன். ஃபெரியில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொள்வேன்.

அறுபது நாள் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "சீக்கிரம் வா. மாமா மண்வாரி மெஷினுக்கு முன்னால உக்காந்துட்டாரு. எழுந்திரிக்க மாட்றாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது மேற்பார்வையாளர் அதே கடிதத்தின் நகலை மலாயில் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அறுபது நாள் என்ற இடம் வந்ததும் மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு கையை ஊன்றித் தானாகவே எழுந்து ஒதுங்கி நின்றார்.

"இன்னும் ஒரு வாரம் விட்டா காய் பதமாயிடும்" என்று இயந்திரக்காரனிடம் மட்டும் சொன்னார். அவன் என்ன நினைத்தானோ, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். மேற்பார்வையாளர் ஒரு மணி நேரம் கொடுத்தார். கம்பமே வயலுக்குள் இறங்கியது. மலாய்ப் பெண்கள், காய் ஏற்றும் சீனக் கிழவர், மாமாவோடு தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் விரல் நீளப் பிஞ்சுகளைப் பறித்துச் சேலையிலும் சாரோங்கிலும் கட்டினார்கள். மாமா மட்டும் ஒரு காயையும் தொடவில்லை.

கம்பத்து வீட்டில் தனியாக விட மனம் வராமல் அவரை என்னோடு அழைத்து வந்தேன். பதினான்காவது மாடியில் என் ஃபிளாட். விடிந்ததும் குளித்து, சட்டை போட்டு, கதவருகே நாற்காலியில் உட்காருவார். எங்கே போக வேண்டும் என்று கேட்டால், "எங்கயும் இல்ல" என்பார். கம்பத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். சந்தையில் வாங்கிய காய்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து அவர்கள் வந்தால் அறையைவிட்டு வெளியே வர மறுத்தார். சாப்பாடு குறைந்தது. என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

கடைசியில் அவரைச் சேர்த்த மருத்துவமனையில், ஒரு மதியம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தெரிஞ்சேதான் பொய் சொன்னேன் மாமா. மன்னிச்சிடுங்க."

முகத்தை என் பக்கம் திருப்பினார். "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் வெத போட்டிருக்க மாட்டேன் பாப்பா."

அதோடு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

அந்தக் கடைசி விதைப்பு கிடைத்ததே என்று சொன்னாரா, அதைப் போட வைத்துப் பிடுங்கினாயே என்று சொன்னாரா? குரலில் கோபம் இல்லை. பிரியம் இருந்ததா என்றும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அதே வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருநாள் ஒருவிதமாகக் கேட்கிறது, மறுநாள் வேறுவிதமாக. கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை.