மூன்று ஃபாத்திஹா நேரம்

இத்தோவின் வீட்டுச் சுவர் நிறைய அருவிகள் தொங்கின. எல்லாம் ஒரே அருவிதான், ஊஸூத். அவள் புருஷன் மோஹா பெனீ மெல்லால் என்ற ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வருடத்துக்கு ஒரு நாள் தெருக்காரர்கள் வண்டி பிடித்து அருவிக்குப் போவார்கள். போய் இறங்கும்போது உச்சிவெயில் ஏறியிருக்கும். சாயங்கால அஸர் தொழுததும் வண்டி திரும்பிவிடும். படம் எடுக்க அவனுக்குக் கிடைத்தது அந்த வெயில்தான்.

அந்த வெயிலில் எடுத்தால் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். அதனால் மோஹா பட்டறையில் முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சைக்கிள் டியூபை வெட்டிய வளையத்தால் கேமராவின் முன்னால் கட்டினான். கண்ணாடி பச்சையாகக் காட்டும் என்று கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்தான் போடுவான். வெளிச்சம் அதன் வழியே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கேமராவைத் திறந்துவைத்துவிட்டு, தொழுகையில் ஓதுகிற ஃபாத்திஹாவை நிறுத்தி நிதானமாக மூன்று முறை ஓதுவான். மூன்றாவது ஆமீனில் மூடுவான். அதுவரை விழுந்த தண்ணீரெல்லாம் சேர்ந்து, சீவிய ஆட்டு ரோமம் மாதிரி படத்தில் இறங்கியிருக்கும்.

ஆனால் அசைகிற எதுவும் அந்தப் படத்தில் நிற்காது. படகும் குரங்கும் பிள்ளைகளும் கரைந்துபோவார்கள். இத்தோவும் அப்படித்தான். ரொட்டி பிட்டு, தேநீர் ஊற்றி, விழுந்த பிள்ளையைத் தூக்கி, எந்த வருடமும் அவள் சும்மா நின்றதில்லை. ஒரு படத்தில் பாறை மேல் புகை மாதிரி ஏதோ இருக்கும். “அதோ, அது நீதான்” என்று மோஹா சிரிப்பான்.

மகள் தூடா கல்யாணமாகி இத்தாலிக்குப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாளில் தொலைபேசியில் கேட்டாள்.

“யம்மா, வாப்பா கொடுத்தனுப்பினதெல்லாம் தண்ணிதான். நீ ஒண்ணுலயும் இல்ல. உன் படம் ஒண்ணு அனுப்பேன்.”

“அடையாள அட்டையில இருக்கே.”

“அதுல நீ போலீஸ்காரனைப் பாக்கற மாதிரி பாக்கற. எம் மாமியா கேக்கறா, உன்னை ஒரு அம்மா பெத்தாளா, இல்ல அந்த அருவி பெத்துச்சான்னு.”

இத்தோ சிரித்தாள். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

படக்கடைக்குப் போக மோஹா விடமாட்டான். வேற்று ஆண் முன்னால் முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்பான். ஆகவே அந்த வருடப் பயணத்தில் அவனிடமே கேட்டாள்.

“என்னை ஒண்ணு எடுங்க. தூடாவுக்கு.”

“அசையாம நிப்பியா? தொழுகைல நிக்கும்போதே அடுப்பைப் பாக்கறவ நீ.”

“நிப்பேன்.”

“சரி, கடைசி ஒண்ணை உனக்கு வெக்கறேன்.”

அருவிக்கு எதிரில் ஈரப்பாறையில் போய் நின்றாள். முதுகில் சாரல், முகத்தில் வெயில். மோஹா ஓதத் தொடங்கினான். அவளும் உதடு அசையாமல் மனசுக்குள் ஓதினாள். இரண்டாவது ஃபாத்திஹாவில் ஒரு குரங்கு இறங்கி வந்து அவள் காலடியில் இருந்த பையைப் பிரித்தது.

“அடியே, முட்டையெல்லாம் போகுது” என்று பக்கத்து வீட்டு யாமினா கத்தினாள். “இவ என்ன, உப்புச் சிலையாப் போயிட்டாளா?”

குரங்கு அவள் ஜெல்லாபா அங்கியைப் பிடித்து இழுத்தது. இத்தோ கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஆமீன் வந்ததும்தான் மூச்சு விட்டாள். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெறும் ரொட்டியும் ஆலிவும் தின்றார்கள்.

சுருளை மோஹா வீட்டிலேயே கழுவுவான். அச்சுப் போட மட்டும் கடைக்குக் கொடுப்பான். அந்த வருடம் ரப்பர் வளையம் தளர்ந்து பக்கவாட்டில் வெயில் புகுந்துவிட்டது. எல்லாம் பாழ். கடைசி ஒன்று மட்டும் பிழைத்தது. இத்தோ அதைச் சன்னலில் பிடித்துப் பார்த்தாள். முகம் கறுத்து, உடுப்பு வெளுத்து, தலைகீழ் நிறத்தில் நகம் அளவுக்கு நின்றிருந்தாள். அவளேதான். தூடாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள், படம் வருகிறது என்று.

பத்து நாள் கழித்து மோஹா பெரிய படம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தான். ஹாஜி பென்னாசர் தன் புதுக் காப்பிக்கடையில் மாட்டக் கேட்டிருந்தார். விரித்தான். அருவி இருந்தது, பாறை இருந்தது.

“நான் எங்கே?”

“சுருள்ல உம்மேல மை வெச்சுட்டேன். அங்க கறுப்பு வெச்சா இங்க வெள்ளையா விழும். பாரு, தண்ணியோட தண்ணியாப் போயிடுச்சு.”

“எதுக்கு?”

“ஊர் ஆம்பளைங்க உக்காந்து பாக்கற சுவத்துல பொண்டாட்டியைத் தொங்க விடச் சொல்றியா?”

“தூடாவுக்கு ஒண்ணு போட்டுட்டு வெச்சிருக்கலாமே.”

“அச்சுப் போடறவன் வேத்து ஆளு. தனக்கு ஒண்ணு போட்டு வெச்சுக்கிட்டா?”

“அந்த மையைத் தொடைக்க முடியாதா?”

“அழியாத மை, இத்தோ. அடுத்த வருஷம் எடுத்துத் தரேன்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய மானத்தைக் காத்துவிட்டதாகவே நினைத்தான். சாப்பிட உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள்.

ஒரு நாள் பொது அடுப்பில் சுட்ட ரொட்டியைப் பலகையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தபோது காப்பிக்கடைக் கதவு திறந்திருந்தது. எதிர்ச் சுவரில் படம். அவள் நின்ற பாறையின் மேல் வெள்ளை.

“மோஹா, இந்த எடத்துல மட்டும் தண்ணி எவ்வளவு தடியா விழுது பாத்தியா?” என்றார் ஹாஜி.

“எல்லாம் அல்லாஹ்வோட வேலை, ஹாஜி” என்றான் மோஹா.

இத்தோ நிற்காமல் நடந்தாள். அந்த வாரம் தூடா கூப்பிட்டாள்.

“படம் வந்துச்சா யம்மா?”

“வந்துச்சு. தண்ணி நல்லா வந்திருக்கு.”

அடுத்த வருடம் முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொடுத்து மோஹாவை வண்டி ஏற்றிவிட்டாள். கால் வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் போகவே இல்லை.

தொழுகையில் இப்போது அவள் அடுப்பைப் பார்ப்பதில்லை. ஃபாத்திஹா தொடங்கியதும் முதுகில் சாரல் விழுகிறது. ஆமீன் வரைக்கும் உடம்பு கல்லாக நிற்கிறது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கை ஏந்துகிறாள். யா அல்லாஹ், நான் நின்றது உனக்காக இல்லை, மன்னித்துக்கொள் என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறாள்.