டுவேன் ஒட்ட மறுத்த கறுப்பு வட்டம்

டுவேன் வுகோவிச்சோடு ஒரு தடவை காரில் போனவர்கள் மறு தடவை ஏற மாட்டார்கள். சூரியகாந்தி விதையை மென்று, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே ஓட்டுவார். கோப்பை நிறைந்தால் பக்கத்தில் இருப்பவர் கையில் திணித்துவிடுவார். நான் பிடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பந்தைக் காலால் தொடுவதே அபூர்வமான எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், மில்வாக்கி அணிக்கு நான் வீடியோ வெட்டிக் கொடுப்பவள். கல்லூரிகளில் ஆள் தேடுவது டுவேனின் வேலை. டகோட்டா, நெப்ராஸ்கா பக்கமெல்லாம் அவருடைய வட்டாரம். ஆட்டம் பார்க்கப் போக மாட்டார், பயிற்சிக்குத்தான் போவார். ஆயிரம் பேர் பார்க்கும்போது எவனும் ஒழுங்காக ஆடுவான் என்பார். யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை மழையில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

அப்படிக் கண்டெடுத்தவன்தான் ஹாகன். தெற்கு டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி. பந்து எறிபவன்மேல் எவனும் விழாமல் முன்னால் நின்று தடுக்கிற மலைபோன்ற பையன். ஏப்ரல் டிராஃப்டில் அணிகள் முறைவைத்துப் பையன்களை எடுக்கும்போது இவனை விடவே கூடாது என்று டுவேன் குதித்தார்.

அதற்குமுன் நேர்காணல் உண்டு. எங்கள் மேலாளர் பிரெண்ட் எல்லாப் பையன்களிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கால்பந்து இல்லேன்னா என்ன பண்ணுவ?” பதிலை ஏஜென்டுகள் முன்பே சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். செத்துடுவேன் சார், கால்பந்துதான் என் மூச்சு சார். கண்ணீர்கூட வரும்.

ஹாகன், “மாடு வளர்ப்பேன் சார்” என்றான்.

“அப்போ இது உனக்கு உயிர் இல்லையா?”

“இல்ல சார். நல்லா ஆடுவேன். அவ்வளவுதான்.”

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பிரெண்ட் கறுப்பு வட்டத்தாளை எடுத்தார். எங்கள் சுவரில் எல்லாப் பையன்களின் பெயரும் அட்டைகளில் இருக்கும். அட்டையில் கறுப்பு வட்டம் விழுந்தால் அவனைத் தொடவே கூடாது. அதை ஒட்ட வேண்டியதும் அவனைக் கொண்டுவந்தவர்தான். தான் பெற்ற பிள்ளையைத் தானே வீட்டைவிட்டு விரட்டுகிற மாதிரி. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த மகாராசன் எவனோ, நன்றாக இருக்கட்டும்.

“ஒட்டு, டுவேன்.”

“எதுக்கு? உண்மை சொன்னதுக்கா?”

“வெறி இல்லாத பையன் எனக்கு வேணாம்.”

“வெறியோட வந்தவன்ல பாதிப் பேர் ரெண்டே வருஷத்துல மூட்டையக் கட்டிட்டான். அவங்களை எடுத்தப்பெல்லாம் நானே கையத் தட்டினேன். இவன் மழைல தனியா நின்னு காலை நகத்திப் பழகினதைப் பாத்தவன் நான். இவனை ஒதுக்க என் கையால முடியாது.”

“உன் ஒப்பந்தம் டிராஃப்ட் முடிஞ்சா முடியுது. ஞாபகம் இருக்கில்ல?”

டுவேன் அந்தக் கறுப்பு வட்டத்தை வாங்கினார். சுவர்ப் பக்கம் போகவே இல்லை. கழுத்தில் தொங்கிய தன் அடையாள அட்டையில், தன் முகத்தின்மேலேயே அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

“இந்தா, ஒட்டிட்டேன். யாரைத் தொடக் கூடாதுன்னு இப்போ தெளிவா இருக்கா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிரெண்ட் வேறொரு வட்டத்தை எடுத்து ஹாகனின் அட்டையில் தானே ஒட்டினார். டுவேன் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்த அட்டையோடுதான் வந்தார். வாசல் காவலர் முகம் தெரியவில்லை என்று நிறுத்தும்போதெல்லாம், “மேலே கேளுப்பா, மேலே கேளு” என்பார்.

டிராஃப்டின் கடைசி நாள். எங்கள் முறை வந்தபோதெல்லாம் ஹாகனின் பெயரைத் தாண்டிக் கைகள் போயின. டுவேன் விதையை மென்றுகொண்டிருந்தார். பிற்பகலில் திரையில் அவன் பெயர் வந்தது. எடுத்தது பக்கத்து ஊரான சிகாகோவின் அணி. வருடத்துக்கு இரண்டு முறை எங்களோடு மோதுபவர்கள்.

எங்கள் அறையில் எங்கள் ஆளுக்குத்தான் கைதட்டுவோம். எதிரி எடுத்தால் எவரும் அசைய மாட்டார்கள். டுவேன் எழுந்தார். இரண்டு கைகளையும் உயர்த்திப் பலமாகத் தட்டினார்.

பிரெண்டின் முகம் சிவந்தது. “நீ யாருக்கு வேலை பாக்கற?”

“இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் உனக்குத்தான்.”

“உக்காரு!”

“மாட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை அவனைத் தாண்டித்தான் உன் பசங்க போகணும். எந்தப் பக்கம் தள்ளினா அவன் தடுமாறுவான்னு எனக்குத் தெரியும். வந்து கேளு, சொல்ல மாட்டேன்.”

அவர் நிறுத்தவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். அந்த அறையில் ஒற்றை ஆளாக ஒருவர் தட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. நானும் எழுந்து நின்று தட்டினேன்.