நான் மேஸ்திரியாக நின்ற காலை

ரங்கூன் லான்மடாத் தெருவில் எண்ணெய்க் கடை வைத்தேன். யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தது, மறுபடி வைத்தேன். ஆற்றோரச் சேற்றில் மண் கொட்டி மூன்று செங்கல் வீடுகள் எழுப்பினேன். தங்கைகள் இருவரைக் கட்டிக்கொடுத்தேன். அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்டபோதும் யாரிடமும் போய்க் கையேந்தவில்லை. இத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் செய்தது. ஆனால் நான் செய்த முதல் பெரிய காரியம் இவற்றில் எதுவும் இல்லை. எட்டு வயதில், ரங்கூன் துறைமுகத்துக் கூலிகளின் வேலைநிறுத்தம் ஒன்றைத் தாங்கிப் பிடித்தவன் நான். அதை இன்றுவரை ஒருவரும் சொல்வதில்லை.

அப்போது கப்பல் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள மரவீட்டில் முப்பது குடும்பங்கள் இருந்தோம். ஆண்கள் எல்லோருக்கும் மூட்டை தூக்குகிற வேலை. விடிந்ததும் ஜெட்டி வாசலில் வரிசையாக நிற்பார்கள். கூலிக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி தோளை அழுத்திப் பார்த்துச் சிலர் கையில் பித்தளை வில்லை வைப்பார். வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை. மற்றவர்களுக்கு, "உனக்கு இல்லை, போ." கப்பல் குறைந்த மாதங்களில் பாதிப்பேர் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் வீடு வருவார்கள்.

அதற்காக அப்பா ஒரு பெரிய பீப்பாயை வைத்திருந்தார். வேலை கிடைத்தவன் அன்று ஒரு பால்டப்பா அரிசி அதில் போட வேண்டும். வரிசையில் நின்றும் வில்லை கிடைக்காதவனுக்கும், வேலையில் அடிபட்டுக் கிடப்பவனுக்கும் அதிலிருந்து தினம் இரண்டு டப்பா. பீப்பாய்ச் சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

அந்த வருஷம் அடிபட்டுக் கிடந்தவர் என் சித்தப்பா. சங்கிலி அறுந்து மூட்டைகள் விழுந்ததில் வலது கை நசுங்கிவிட்டது. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். மழைக்காலம் முடிகிறவரை கையை அசைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதுவரை பீப்பாய் தாங்கும் என்பது அப்பாவின் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் கூலியை உயர்த்தச் சொல்லி வேலைநிறுத்தம் வந்தது. நான்காம் நாள் காலையில் ஆண்கள் எல்லோரும் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள்.

"இது வேலை கிடைக்காதவனுக்கு வச்சது. வேலைய விட்டவனுக்கு இல்லை" என்றார் அப்பா.

கீழ்வீட்டு மாமா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் முன்னால் வந்தார். சொந்தமில்லை, வாய் மட்டும் பெரியது. "ஏண்ணே, பசிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

"வரிசையில நின்னியா? உனக்கு இல்லைன்னு சொன்னாங்களா? அதுதானே நாம எல்லாரும் சேந்து போட்ட கட்டுப்பாடு?"

"அங்க போய் நின்னா அப்புறம் வேலைநிறுத்தம் ஏதுண்ணே!"

அங்கேதான் நான் நுழைந்தேன். மேஸ்திரியைப் போல நடித்துக்காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்பாவின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன்.

"ஏய், வரிசையா வாங்கடா!"

சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தோளாக அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். "உனக்கு இல்லை, போ. இது தோளா, கருவாடா? உனக்கும் இல்லை, போ."

மாமா துள்ளினார். "பாத்துக்கங்கண்ணே! வரிசையில நின்னாச்சு, வில்லை கிடைக்கலை! தொறங்க!"

மரவீடே அதிரச் சிரித்தார்கள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை அவிழ்த்தார். வரிசையில் வராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேஸ்திரி, எனக்கு மிச்சம் இருக்குமா?"

"நாளைக்கு வா, பாக்கலாம்" என்றேன், மேஸ்திரியின் குரலிலேயே. அவரும் சிரித்தார்.

ஒன்பது நாள் தினமும் வாளி மேல் ஏறினேன். ஒன்பது நாள் முப்பது அடுப்பும் எரிந்தன. பத்தாம் நாள் அப்பா டப்பாவை விட்டபோது பீப்பாயின் அடிப்பலகை சத்தம் போட்டது.

அதன்பின் மூன்று நாள் கஞ்சித் தண்ணீர். நான்காம் நாள் சித்தப்பாவைக் காணவில்லை. கையில் போட்டிருந்த கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஜெட்டி வாசலில் போய் நின்றிருக்கிறார். ஆள் கிடைக்காமல் தவித்த மேஸ்திரி அந்தக் கைக்கும் வில்லை கொடுத்துவிட்டார். சாயங்காலம் அரிசியோடு வந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா அதைத் தொடுவதற்குள் அப்பா காலால் தள்ளிவிட்டார். வாசலில் நின்ற மாமா "கருங்காலி!" என்று காறித் துப்பினார். சிந்திய அரிசியைச் சித்தப்பா இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மறுநாள் ஏழு பேர் வேலைக்குப் போனார்கள், அதற்கு மறுநாள் எல்லோரும். கூலி உயரவில்லை.

சித்தப்பாவின் கை முழங்கை வரை அழுகிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்து செத்தார். பாடை தூக்குவதற்கு மரவீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா தெருவில் போன மூன்று பேரைக் கூலி பேசிக் கூட்டிவந்தார். கருங்காலிக்கு இதுவே அதிகம் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். நான் அள்ளிக் கொடுத்தது அவருடைய கை ஆறுவதற்கான நாட்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது அதைச் சொல்ல அப்பாவும் உயிரோடு இல்லை.

வேலைநிறுத்தம் தோற்றதற்கு அவர் ஒருவர்தான் காரணம் என்று இன்னும் கிழவர்கள் பேசுகிறார்கள். அது பொய். பீப்பாயைத் திறக்க வைத்தவன் நான். அந்த ஒன்பது நாளைச் சொல்லும்போது என் பேரைச் சொல்லுங்கள். சித்தப்பாவைக் கருங்காலி என்று சொல்லும்போதும் என் பேரைச் சொல்லுங்கள். அதில் என் பங்கை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.