கோடு ஏறாத பால்மரம்

மார்ச் மாதம், சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மலேசியாவின் ஈப்போ, குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பினோம். பத்து காஜா ஊரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டம்; இருபத்தைந்து கிலோமீட்டர். காரோட்டி சேகர் அரை நாளுக்கு நூற்றிருபது வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார். என் மடியில் ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி இருந்தது.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதற்கடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த இடத்தில் கருவியின் கோடு செங்குத்தாக ஏறும். தொலைதூரக் கோளொன்றின் ஒளியில் அதே ஏற்றம் தெரிந்தால் அங்கே தாவரம் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இங்குள்ள இலைகளின் கோடுகள் எனக்குத் தேவைப்பட்டன.

ஒன்பது மணி. தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஓடைக்கரையில் மட்டும் பால்மரங்கள் எனப்படும் பழைய ரப்பர் மரங்கள் பதினொன்று மிச்சம். இலையுதிர்ந்து மறுபடி துளிர்த்திருந்த பத்து மரங்களில் கோடு ஏறியது. பதினொன்றாவது மரம் மொட்டையாக நின்றது. கோடு அசையவில்லை.

அந்த மரத்துக்குப் பின்னால்தான் சரஸ்வதி அக்காவின் வீடு. முன்பு பால்வெட்டியவர், இப்போது பத்து காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பட்ட மரம் என்று திங்கட்கிழமை வெட்டப்போகிறார்களாம். அதன் வேர்தான் அவர் சமையலறைக்குப் பின்னாலுள்ள கரையைப் பிடித்து நிற்கிறது. மரத்துக்கு உயிர் இருக்கிறதென்று நிலக்காரருக்கு ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டார். உயிருக்கான அடையாளம் எதுவும் கருவியில் இல்லை என்றேன்.

அவர் உள்ளே போய்க் பால்வெட்டும் கத்தியை எடுத்து வந்து, பட்டையில் சாய்வாக ஒரு சீவல் சீவினார். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி அரும்பி, பெருத்து, வழியாமல் நின்றது.

"பால் இருக்கு லா, தம்பி. ஒங்க மெஷின் எலையத்தான பாக்குது?"

ஆமாம் என்றேன். பால் வந்ததை நேரில் பார்த்ததாகக் கடிதம் எழுதினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மெஷின்ல ஒண்ணும் வரலன்னும் எழுதுங்க. அப்புறம் மறைச்சிட்டோம்னு பேச்சு வரக்கூடாது."

எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூர் விமான நிலையத்தில் இருந்தபோது சேகரிடமிருந்து செய்தி வந்தது: நிலக்காரர் அடுத்த ஆண்டுத் துளிர் வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் துளிர்க்குமா என்பது யாருக்கும் தெரியாது.

சென்னையில் என் குறிப்பேட்டில் கோள்களின் பட்டியல் ஒன்று உண்டு. உயிரின் அடையாளமாகத் தேடிய வாயுக்கள் தென்படாதவற்றுக்கு எதிரே 'வெறுமை' என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். நான்கடி தூரத்தில் நின்ற மரத்தையே தப்பாகக் கணித்தவன் நான். வந்த மறுநாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினேன். முடிக்கும்போது மாலையாகிவிட்டது.